சறுக்கு தேடிய ஞாயிற்றுக்கிழமைகள்

செலண்டாரிலிருந்து புக்கிட் பெருவாங்குக்குக் குடிமாற வீடு பார்க்கப் போன அன்று, மனைவி ஒவ்வொரு குழாயாகத் திறந்து தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்த்தாள். நான் வாசலில் கார் நிற்குமா என்று பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் வீட்டைப் பார்க்கவே இல்லை. முன்னறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்கள். எங்கள் வரிசையின் கடைசியில், மூலை வீட்டைத் தாண்டி, ஒரு சின்னப் புல்வெளி. அதில் ஓர் இரும்புச் சறுக்கு பளபளவென்று நின்றது.

பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவளுக்கு நான்கு. செலண்டாரில் நாங்கள் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தோம். அவர்கள் விளையாடியதெல்லாம் பழைய டயருக்குள் புகுந்து மறுபக்கம் வருவதுதான். பாலர் பள்ளியில் ஒரு பிளாஸ்டிக் சறுக்கு உண்டு. அதற்கு மூன்றே படி. உட்கார்ந்ததும் கால் தரையில் பட்டுவிடும். அதனால் இந்த இரும்புச் சறுக்கைக் கண்டதும் வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் கையெழுத்து மட்டும் போட்டோம்.

மனைவி மலாக்கா நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. விளையாட்டுத் திடல்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கை ஒடிந்து, பல் உடைந்து, மூக்கில் கூழாங்கல் சிக்கி வரும் பிள்ளைகளை அவள் பார்க்கிறாள். மூக்குக்குள் கல் போன கதையை ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சொல்வாள். அதனால் நிபந்தனைகள் வைத்தாள். தரை மெத்தென்று இருக்க வேண்டும். கூரான முனை எங்கும் இருக்கக்கூடாது. பக்கத்தில் கார் போகும் பாதை கூடாது. நிழல் வேண்டும். சின்னவள் கடைசி நேரத்தில்தான் சொல்வாள், ஆகவே ஓடிப் போகும் தூரத்தில் கழிவறை வேண்டும்.

"நீங்கதான கியூசி. போயி செக் பண்ணுங்க," என்றாள்.

நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். போத்தல் மூடி, குழாய் மூடி, ஆணி மூடி. ஒரு நாள் முழுவதும் மூடிகளில் குறை கண்டுபிடிப்பேன். குறையே இல்லாத மூடியைக்கூட ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்பது மனைவியின் புகார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அது அவளுக்குத் தேவைப்பட்டது.

குடிவந்த முதல் ஞாயிறு அவளுக்குக் காலை வேலை. நான் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பதினொரு மணிக்குப் புல்வெளிக்குப் போனேன். முதலில் ஊஞ்சலைப் பார்த்தேன். சட்டம் இருந்தது, ஊஞ்சல் இல்லை. சட்டத்தின் குறுக்குக் கம்பியில் இரண்டு போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. இது யாருடைய வேலை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பெரியவள் சறுக்கில் ஏறிவிட்டாள். நான் திரும்புவதற்குள் உட்கார்ந்து சறுக்கியும் விட்டாள்.

ஆனால் அவள் வேகமாக வரவில்லை. பிசுபிசுவென்று ஒரு சத்தத்தோடு, மெதுவாக, பாதியில் நின்று, கையால் உந்திக்கொண்டு வந்தாள். கீழே வந்து எழுந்தபோது பாவாடையின் பின்பக்கம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது. சறுக்கின் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும், அதன்மேல் வரிசையாகப் பிழிந்து வைத்த கூழ் வடகமும் இருந்தன. பாதி சறுக்கில், மீதி பாவாடையில்.

மூலை வீட்டின் வாசல் கதவு திறந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா, கையில் அகப்பையோடு, செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"பாப்பா, உக்காந்துடாத. அப்படியே நில்லு," என்றார்.

பெரியவள் அப்படியே நின்றாள். அக்கா அவள் பின்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு வடகமாகப் பாவாடையிலிருந்து உரித்தெடுத்தார். சின்னவள் எண்ணினாள். பதினேழு வரை எண்ணிவிட்டு, அதற்குமேல் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

நான் புதிதாகக் குடிவந்தவன். முதல் வாரத்திலேயே சண்டை வேண்டாம் என்று இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அக்கா, இது பிள்ளைங்க வெளையாடுற எடம்," என்றேன்.

"தெரியும் தம்பி. ஆனா பிள்ளைங்க யாரு வர்றா? எல்லாம் வீட்டுக்குள்ள போன் பாக்குதுங்க. நாலு வருசமா இத தெனம் தொடச்சி வக்கிறது நான்தான். நீங்களே பாருங்க, எங்கியாச்சும் துரு இருக்கா?"

பார்த்தேன். எங்கும் துரு இல்லை. இந்த வட்டாரத்தில் அவ்வளவு சுத்தமாக வைத்திருந்த சறுக்கு வேறெங்கும் இருந்திருக்காது. தொழில் தர்மப்படி அதை ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் அவர் தன் கஷ்டத்தைச் சொன்னார். முன்பு பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தியவர். இப்போது வடகம், மோர் மிளகாய் போட்டு டவுன் கடைகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் கொடுக்கிறார். லாரி ஓட்டும் கணவர் ஆசையாசையாக வீட்டின் பின்பக்கத்தை இழுத்துச் சமையலறை கட்டி, முன்பக்கம் கார் நிறுத்தக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டார். அதோடு வீட்டில் கைக்குட்டை காயவைக்கக்கூட வெயில் இல்லாமல் போய்விட்டது. சுற்று வட்டாரத்தில் வெயில் நேராக விழும் ஒரே இடம் இந்தச் சறுக்குதான். அதிலும் இரும்பு. ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது.

கிளம்பும்போது பாவாடையிலிருந்து உரித்த வடகத்தையெல்லாம் ஒரு தட்டில் போட்டு என்னிடம் கொடுத்தார். இதை அவரால் விற்க முடியாதாம், எங்கள் பிள்ளை உட்கார்ந்ததுதானே, எங்களுக்கு ஒன்றும் செய்யாதாம். நான் அதைக் காரின் மேல் வைத்து இரண்டு நாள் காயவிட்டேன். செவ்வாய்க்கிழமை மனைவி சாம்பாருக்குப் பொரித்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். பக்கத்தில் ஓர் அக்கா கொடுத்தார் என்றேன். பெரியவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த வாயில் இன்னும் ஒரு வடகத்தை வைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்தார். மூன்று நாளாகப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் சறுக்குக்கு வந்து, வடகத்துக்குப் பக்கத்தில் நின்று, எப்போது காயும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. அதே சமயம் தீபாவளி ஆர்டர் வேறு கைவசம் இருந்தது. ஆகவே ஒரு யோசனையோடு வந்திருந்தார். இதைவிட நூறு மடங்கு நல்ல திடல் ஒன்றை அவரே எங்களுக்குக் காட்டுவார். பிள்ளைகள் அங்கே விளையாடட்டும், சறுக்கு அவரிடம் இருக்கட்டும்.

இதில் அவருடைய லாபம் என்ன என்பது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. ஆனாலும் அவ்வளவு அக்கறையாகத் திடல் தேட எனக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

அடுத்த ஞாயிறு அவர் காரின் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மடியில் ஒரு பொட்டலம். பிள்ளைகளுக்கு என்று வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து எடுத்து வந்திருந்தார். புக்கிட் பெருவாங் குன்றின் அடிவாரத்துக்கு வழி சொன்னார். இறங்கிப் பார்த்தேன். தரையில் ரப்பர் விரிப்பு. இரண்டு ஊஞ்சல், இரண்டிலும் பலகை இருந்தது. இரண்டு சறுக்கு, மேலும் கீழும் ஆடும் ஓர் ஏற்றப்பலகை. சுற்றிலும் மரநிழல். நான் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. இவ்வளவு நல்ல திடலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பிள்ளைகூட இல்லையே என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மூடியில் மட்டும் சந்தேகப்பட்டால் போதுமா?

சின்னவள் ஏற்றப்பலகையின் ஒரு முனையில் உட்கார்ந்து, பெரியவளை வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெரியவள் ஊஞ்சலை விட்டு வருவதாக இல்லை. அப்போது மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, பலகையின் மறுமுனையில் ஏறி உட்கார்ந்தது.

நான் அசையவில்லை. அக்கா அசையவில்லை. சின்னவள் மட்டும் காலை உதைத்து உதைத்துப் பார்த்தாள். பலகை அவள் பக்கமே தாழ்ந்து நின்றது.

"அப்பா, இவன் சரியா வெளாட மாட்றான்," என்றாள்.

அதற்குள் மற்ற குரங்குகளும் வந்துவிட்டன. சறுக்கில் நாலைந்து குட்டிகள் வரிசையாக ஏறி வரிசையாக இறங்கின. எங்கள் பிள்ளைகளைவிட ஒழுங்காக முறை வைத்துக்கொண்டன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெரிய ஆண் குரங்கு ஒன்று காலியாக இருந்த ஊஞ்சலில் ஏறி, சங்கிலியைப் பிடித்து, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தது. பார்த்தது எங்களை அல்ல, அக்காவின் கையிலிருந்த பொட்டலத்தை என்று எனக்குச் சற்றுப் பிறகுதான் புரிந்தது.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இடைவேளைக் கூட்டத்தை இருபது வருடம் சமாளித்தவர் அவர். பதறவில்லை. பொட்டலத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தூரமாக எறிந்தார். குரங்குகள் அங்கே ஓடின. நான் சின்னவளைத் தூக்கினேன். இன்னொன்றை எறிந்தார். நான் பெரியவளை இழுத்தேன். இப்படி எறிந்துகொண்டே பின்னால் நடந்து கார் வரை வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியபோது பொட்டலத்தில் எண்ணெய்க் காகிதம் மட்டும் மிச்சம்.

சின்னவள் பின்கண்ணாடி வழியாகக் குரங்குகளுக்குக் கையசைத்துக்கொண்டு வந்தாள்.

"கொரங்கு இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது லா, தம்பி," என்றார் அக்கா. இரண்டு சாலைச் சந்திப்பைத் தாண்டிய பிறகு, "போன வருசம் இவ்ளோ இல்ல," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு அவர் காட்டிய இடத்தில் குரங்கு வர வழியே இல்லை. மனிதர்கள் வரவும் வழி இல்லை. சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் ஜாகா எனும் காவலாளியை நிறுத்தியிருக்கும் ஒரு புதுக் குடியிருப்பு அது. கல்யாணச் சமையலுக்கு வடகம் கொண்டு போனபோது உள்ளே ஒரு திடலைப் பார்த்ததாகச் சொன்னார். கப்பல் மாதிரி இருக்குமாம். ஜாகா குறுக்குக் கம்பியை இறக்கிவிட்டு, எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லச் சட்டென்று வராது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா என்னைத் தாண்டி ஜன்னலுக்குக் குனிந்து, நல்ல மலாயில், வீடு வாங்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறோம் என்றார்.

ஜாகாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கம்பியைத் தூக்கியதோடு நிற்காமல், கையிலிருந்த வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டார். நாங்கள் கப்பல் திடலை நோக்கிப் பத்து மீட்டர் போவதற்குள் ஓர் இளம்பெண் குடையோடு எதிரே வந்து காரை நிறுத்தினாள். விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவள். மாதிரி வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

பார்க்காமல் திரும்பினால் மரியாதையாக இருக்காது என்று உள்ளே போனோம். முதல் பத்து நிமிடம் நான் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்புறம் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது கண்ணில் பட்டது. சொல்லிவிட்டேன். அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொள்ள ஆள் கிடைத்தால் நான் நிறுத்தமாட்டேன். தரை ஓட்டில் ஒரு கீறல். படிக்கட்டுக் கைப்பிடியில் ஆட்டம். ஜன்னல் கொக்கி தலைகீழாக மாட்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவள் இரண்டு பக்கம் எழுதிவிட்டாள். அக்காவோ பின்கட்டுக்குப் போய் வானத்தைப் பார்த்து, இங்கே மத்தியானம் எவ்வளவு நேரம் வெயில் விழும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட தோரணையில் அவர்தான் வாங்கப்போகிறார் என்று நினைத்து அந்தப் பெண் அவருக்கும் ஒரு விளக்கப் புத்தகம் கொடுத்தாள்.

பிள்ளைகள் மேல்மாடி பால்கனியில் நின்று, கீழே இருந்த கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் விளையாட விடலாமா என்று கேட்டேன். அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று அந்தப் பெண் மிகவும் வருத்தத்தோடு சொன்னாள். ஒரு வீட்டைப் பதிவு செய்துவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடலாம். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் காகித விசிறியும் கொடுத்து அனுப்பினாள்.

வழியில் பெரியவள் நன்றாக யோசித்துவிட்டு, "அப்பா, அத வாங்கிடலாம். கப்பல் வாங்குனா ஒரு வீடு சும்மா குடுக்குறாங்க," என்றாள்.

நான்காவது ஞாயிறு மனைவிக்கு விடுமுறை. மூன்று வாரமாகத் திடல் பார்க்கப் போன கணவன் ஒரு தட்டு வடகம், ஒரு குரங்குக் கதை, ஒரு காகித விசிறி ஆகியவற்றோடு திரும்பி வந்திருந்தான். இந்த முறை தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள். அக்காவும் அவளும் அன்றுதான் காரில் நிதானமாகப் பேசிக்கொண்டார்கள். பேச்சு வடகத்தின் பக்கம் போனபோது நான் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

ஆயர் குரோ பக்கம் ஒரு பழைய தாமான் குடியிருப்பின் திடல் அது. சாயங்காலம் ஐந்து மணி. பெரிய பெரிய மழைமரங்கள், சுற்றிலும் வேலி, மணல் தரை, கழிவறை, தண்ணீர்க் குழாய். பக்கத்தில் கூரை போட்ட ஒரு திறந்த மண்டபம். அதில் இருபது சீன ஆன்ட்டிகள் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை போட்டு, பாட்டுக்கு வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். திடலில் எல்லா இனப் பிள்ளைகளும் இருந்தார்கள், குரங்கு மட்டும் இல்லை. நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு குழாய்ச் சறுக்கு. மேலே நுழைந்தால் உள்ளே ஒரு வளைவு திரும்பிக் கீழே வரும்.

மனைவி மற்ற எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினாள். குழாயைப் பார்த்து மட்டும் நின்றுவிட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியவில்லை என்றாள். கூரான ஏதாவது இருந்தால்? மூக்கில் கல் போன பிள்ளையின் கதை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது வருவதற்குள் நான் ஏணியில் ஏறினேன்.

வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு குழாய்க்குள் காலை விட்டேன். முதல் பாதி சுகமாகத்தான் போயிற்று. வளைவில் நின்றுவிட்டேன்.

உள்ளே சிவப்பு வெளிச்சம். வெதுவெதுப்பு. பழைய ரப்பர் செருப்பின் வாடை. யாரோ மார்க்கர் பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தார்கள். என் முட்டி ஒரு பக்கம், தோள் மறுபக்கம் இறுகிவிட்டது. அதைவிட, இடுப்பில் எதுவோ பிடித்து இழுத்தது. கையால் தடவினேன். உள்பக்கச் சுவரில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைக்குப் பிளாஸ்டிக் மூடி இல்லை. அந்த அளவு மூடியை நாங்கள் தொழிற்சாலையில் செய்கிறோம். என் அரைக்கால் சட்டையின் இடுப்புப் பட்டி அதில் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். மனைவிதான். நாடி பார்த்தாள்.

"ஏங்க, வலிக்குதா?"

"இல்ல."

"மூச்சு முட்டுதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் வர மாட்றீங்க?"

நான் போல்ட்டைப் பற்றிச் சொன்னேன். குழாய்க்குள் என் குரல் எனக்கே புரியாமல் எதிரொலித்தது. அவளுக்குப் 'போல்ட்' என்பது 'போறேன்' என்று கேட்டதாம். எங்கே போகிறீர்கள் என்று பயந்துவிட்டாள். மேலே அக்கா ஏறி வந்து தலையை நீட்டினார். அவருக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு மலாய்ச் சிறுமி, இந்த அங்கிள் எப்போது விளையாடி முடிப்பார் என்று அக்காவிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் இன்ஸ்பெக்டர், சோதனை செய்துகொண்டிருக்கிறார் என்று அக்கா சொன்னார். அதற்காக அவருக்கு நான் இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

மண்டபத்தில் பாட்டு நின்றது. மஞ்சள் சட்டைகள் எல்லாம் இங்கே வந்துவிட்டன என்று சத்தத்திலேயே தெரிந்தது. அவர்களுடைய தலைவி, கழுத்தில் விசிலும் கையில் மைக்கும் உள்ள ஆன்ட்டி, கைத்தொலைபேசி வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மைக்கை அணைக்க மறந்துவிட்டு மற்றவர்களிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். திடல் முழுவதும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.

அப்புறம் வேலை நடந்தது. நான்கு ஆன்ட்டிகள் என் கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே அக்கா செருப்பைக் கழற்றினார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, என் தோளில் காலை வைத்தார்.

தலைவி விசில் ஊதி, ஆட்டத்துக்கு எண்ணுவதுபோலவே ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று மைக்கில் எண்ணினார். நான்குக்கு அவர்கள் இழுத்தார்கள், அக்கா உதைத்தார். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறை ஏதோ நீளமாகக் கிழியும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் மணலில் மல்லாந்து கிடந்தேன். சுற்றிலும் மஞ்சள் சட்டைகள், மேலே மழைமரம். கைதட்டினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக்கூடிய நிலையில் என் அரைக்கால் சட்டை இல்லை. அதைப் புரிந்துகொண்ட தலைவி தன் கழுத்தில் கிடந்த ரோஸ் நிறத் துண்டை எடுத்து என்மேல் போட்டார்.

துண்டைக் கட்டிக்கொண்டு நான் போல்ட் விஷயத்தை விளக்கினேன். மனைவி கைப்பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்தாள். ஒல்லியான உடம்பு அவளுக்கு. கீழ்வாயில் வழியாகக் குழாய்க்குள் தவழ்ந்து போய், போல்ட்டின் தலைக்கு ஒரு புண்ணுக்குப் போடுவதுபோல நாலைந்து சுற்று கட்டுப்போட்டுவிட்டு வந்தாள். வெளியே வந்தபோது அவளுக்கும் கைதட்டல் கிடைத்தது. என்னைவிட அதிகமாகவே.

அதன் பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குழாய்க்குள் இறங்கி வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் பதினைந்து தடவையாவது சறுக்கியிருப்பார்கள். சின்னவள் ஒவ்வொரு முறையும் உள்ளே நின்று பூனைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்ததால் வரிசை அடிக்கடி தேங்கியது. இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். நான் மட்டும் துண்டோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இந்த எடம் ஓகே," என்றாள் மனைவி வீடு திரும்பும்போது. அவள் எதையும் அவ்வளவு சீக்கிரம் ஓகே சொன்னதில்லை.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் விவரத்தைச் சொல்லி, சோதனையில் கழித்துப்போட்ட மூடிகளிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கினேன். நிறம்தான் தவறு, பச்சைக்குப் பதில் ஊதா. மற்றபடி கச்சிதம். அடுத்த ஞாயிறு மனைவி அதைப் போல்ட்டில் பொருத்தினாள். நான் இனிமேல் குழாய்க்குள் போகக்கூடாது என்று பிள்ளைகள் இருவரும் சேர்ந்து சத்தியம் வாங்கிவிட்டார்கள்.

ஆனால் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் ஏற்பட்டது அக்காவுக்குத்தான். மஞ்சள் சட்டைக்காரர்களின் வரிசையில் ஓர் ஆள் குறைவாம். மேலே நின்று என்னை உதைத்தபோது அவர் காலில் இருந்த பலத்தைத் தலைவி கவனித்திருக்கிறார். வந்து ஆடச் சொன்னார். அக்கா அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் நின்றார். முதல் நாள் எல்லோரும் இடது பக்கம் திரும்பினால் இவர் வலது பக்கம் திரும்பினார். இரண்டு பேரோடு மோதினார். மூன்றாவது வாரம் மஞ்சள் சட்டை வாங்கிவிட்டார். இப்போது ஞாயிறு நான்கு மணிக்கே எங்கள் வாசலில் வந்து நின்று, இன்னும் கெளம்பலயா தம்பி என்று கேட்பது அவர்தான். ஒரு வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல், போக முடியாது என்றேன். அவர் சின்னவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஒரு காய்ச்சலா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பிள்ளைகளுக்கு அங்கே தோழிகள் கிடைத்துவிட்டார்கள். பெரியவள் மணலில் ஓர் உணவகம் நடத்துகிறாள். போன ஞாயிறு நான் வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் இரண்டு ஆன்ட்டிகள் வரவில்லை. வரிசை ஓட்டையாக இருப்பது தலைவிக்குப் பிடிக்காது. விசிலை ஊதி, விரலை நீட்டி என்னைக் கூப்பிட்டார். எனக்கு அவரிடம் மறுத்துப் பேசும் யோக்கியதை கிடையாது. அவருடைய துண்டு எங்கள் வீட்டில் இருந்தது.

கடைசி வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, இடது, வலது, சுத்துங்க, தம்பி சுத்துங்க என்று சொல்லிக்கொடுத்தார். மனைவி தூணில் சாய்ந்து நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தாள். அவள் சிரித்துக் குலுங்கியதைப் பார்த்தால் படத்தில் ஒன்றும் தெளிவாக வந்திருக்காது என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வந்திருக்கிறது, பிறகு பார்த்தேன்.

நான் இரண்டு கையையும் மேலே தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் அது தெரியவில்லை. அந்த அமைதியில், மணலில் விளையாடிக்கொண்டிருந்த தோழி ஒருத்தி பெரியவளிடம், அங்கே ஆடுகிறாரே, அது யார் என்று கேட்டது நன்றாகக் காதில் விழுந்தது.

பெரியவள் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியல," என்று சொல்லிவிட்டு, உணவகத்தைச் சட்டியும் கரண்டியுமாகத் தூக்கிக்கொண்டு திடலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். சின்னவளும் பின்னாலேயே போனாள்.